42 மைல் ஷார்ட் லைன் கூட்ஸ் பாதையில் பாசஞ்சர் வண்டி விட முடியுமா? (அமெரிக்கா)

ஒத்தையடித்தடம் கேட்டது:

அமெரிக்காவில் 1980ல் ரயில் கம்பெனிகள் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்த பிறகு, பெரிய ரயில் கம்பெனிகள் கழற்றிவிட்ட கிளைப்பாதைகள் நிறைய சின்னக் கம்பெனிகள் கைக்குப் போயின. இப்படிப்பட்ட ஷார்ட் லைன் கம்பெனிகள் இன்று சுமார் 600 இருக்கின்றன. "தண்டவாளம்தான் கிடக்கே, ரெண்டு பெட்டி வாங்கி ஓட்ட வேண்டியதுதானே?" என்று கவுன்ட்டிக் கூட்டங்களில் அடிக்கடி பேச்சு எழுகிறது.

உதாரணத்துக்கு இப்படி ஒரு பாதையை வைத்துக்கொள்வோம். 42 மைல் ஒற்றைப் பாதை. கஜத்துக்கு 90 பவுண்டு எடையில், துண்டுகளைப் போல்ட் போட்டு இணைத்த ஜாயின்ட் தண்டவாளம். மத்திய விதிப்படி பாதைத் தரம் கிளாஸ் 2 (எண் கூடினால் வேகம் கூடும்), கூட்ஸ் வேகம் மணிக்கு 25 மைல். சிக்னல் கிடையாது. தினம் ஒரு கூட்ஸ் போய்த் திரும்பும். லெவல் கிராசிங் 58. பாதிக்கு விளக்கும் கேட்டும் உண்டு, மீதிக்குப் பலகை மட்டும். நகரத்துப் பக்கம் கடைசி 2 மைல் பெரிய கம்பெனியின் பாதை.

கார் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எங்கெங்கே பணம் கரையும்? நாளைக்கு எத்தனை வண்டி விடலாம்?

---

ஜல்லிமேடு பதில்:

பாதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். கிளாஸ் 2ல் பாசஞ்சருக்கு 30 மைல்தான் அனுமதி. எங்கும் நிற்காமல் போனாலே 42 மைலுக்கு 84 நிமிஷம். நடுவில் ஆறு நிறுத்தம் போட்டால் நூறைத் தாண்டிவிடும். பக்கத்து நெடுஞ்சாலையில் பஸ் முந்திக்கொண்டு போகும். அதனால் கிளாஸ் 3க்கு ஏற்றியே ஆக வேண்டும். அதில் பாசஞ்சருக்கு 60, கூட்ஸுக்கு 40. ஆனால் பிளாக் சிக்னல் இல்லாத பாதையில் பாசஞ்சர் 60ஐத் தொடக் கூடாது என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. ஆக உங்களுக்குக் கிடைப்பது 59. பரவாயில்லை, 59 போதும். 43 நிமிஷ ஓட்டம், ஆறு நிறுத்தத்துக்கு வேகம் குறைத்துக் கூட்டுவதையும் சேர்த்துத் தலா இரண்டரை நிமிஷம், கொஞ்சம் உபரி நேரம். 62லிருந்து 65 நிமிஷத்தில் அடங்கும், வளைவுகள் சும்மா விட்டால்.

கிளாஸ் 2லிருந்து 3க்கு ஏறுவதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நேர்ப்பாதையில் 39 அடிக்கு எட்டு நல்ல சிலிப்பர் கட்டை இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டுக்குமே சட்டம். 39 அடியில் சாதாரணமாக 24 கட்டை கிடக்கும், அதில் மூன்றில் ஒன்று உயிரோடு இருந்தால் போதும் என்று அர்த்தம். இதைப் படித்துவிட்டு "கட்டைச் செலவே இல்லை" என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். மாறுவது கட்டைக் கணக்கு இல்லை, கோடு. 62 அடி நூல் பிடித்துப் பார்த்தால் நேர்ப்பாதையில் கிளாஸ் 2ல் 3 அங்குலம் வரை பக்கவாட்டில் விலகலாம். கிளாஸ் 3ல் 1¾ அங்குலம்தான். மேல்கீழ் விலகல் 2¾லிருந்து 2¼ ஆகிறது. கட்டைக்கு அடியில் ஜல்லியைத் திணித்து, அதாவது பேக்கிங் அடித்து, இந்த அளவுக்குக் கொண்டுவருவது ஒரு சீசன் வேலை. ஆனால் செத்த கட்டைகளுக்கு நடுவே எட்டுக் கட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் பாதையில் அந்தக் கோடு அடுத்த மழைக்கு நிற்காது. சகதி மேலேறி, ஜாயின்ட் தொங்கி, மறுபடி பழைய குருடி. குறைந்தது பாதிக் கட்டையாவது புதுசு போட்டால்தான் பேக்கிங் அடித்த காசு மிஞ்சும்.

அடுத்தது 90 பவுண்டு தண்டவாளம். எடை இவ்வளவு இருக்க வேண்டும் என்று கிளாஸ் விதியில் எங்கும் சொல்லவில்லை. ஆனால் 39 அடித் துண்டு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மைலுக்கு 270 ஜாயின்ட், 42 மைலுக்கு 11,000க்கு மேல். ஒவ்வொன்றிலும் போல்ட் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி விரிசல் விழ வாய்ப்பு, ரயில் முனை அடிபட்டுத் தட்டையாவது வேறு. 115 பவுண்டு வெல்டிங் தண்டவாளம் போட்டால் மைலுக்கு 202 டன் இரும்பு, மொத்தம் 8,500 டன். பெரிய கம்பெனி கழற்றிய பழைய 115 நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே போதும். மெயின் வளைவுகளுக்கு மட்டும் புதுசு வாங்குங்கள்.

வளைவுதான் உண்மையான வேகத்தடை. 6 டிகிரி வளைவில் கேன்ட் (வெளிப்பக்கத் தண்டவாளம் உயர்ந்திருக்கும் அளவு) 1 அங்குலம் என்றால் பாசஞ்சர் 30 மைல்தான் போக முடியும். கேன்ட்டை 3 அங்குலமாக உயர்த்தினால் 37 வரும், அட்டவணையில் 35 என்று போடுவார்கள். 4 அங்குலம் கொடுத்தால் 40. அப்படியே ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், அதே வளைவில் 10 மைல் வேகத்தில் ஊர்ந்து போகும் கனத்த கூட்ஸ் முழுப் பாரத்தையும் உள்பக்கத் தண்டவாளத்தில் சாய்க்கும். அது நசுங்கி வழியும், கட்டையை அறுக்கும். கூட்ஸ் 25ல் ஒழுங்காக ஓடினால் அந்த வளைவுக்குச் சமநிலைக் கேன்ட் 2.6 அங்குலம். அதனால் 3ல் நிறுத்துங்கள். இப்படிப் பத்து வளைவு இருந்தால் ஒரு மணி நேரக் கணக்கு அங்கேயே போயிற்று.

பராமரிப்பும் கூடும். வாரம் ஒருமுறை பாதை பார்த்தவர்கள், பாசஞ்சர் ஓடத் தொடங்கினால் வாரம் இருமுறை பார்க்க வேண்டும். கிளாஸ் 3ல் பாசஞ்சர் என்றால் அல்ட்ராசானிக் வண்டியும் வருஷா வருஷம் வர வேண்டும்.

---

டோக்கன்பை பதில்:

பாதையை ஜல்லிமேடு சொல்லிவிட்டார். எத்தனை வண்டி என்ற கேள்விக்குப் பதில் சிக்னல் விதியில் இருக்கிறது.

2008ல் வந்த ரயில் பாதுகாப்புச் சட்டம், வழக்கமான பயணிகள் வண்டி ஓடும் மெயின் லைனில் பி.டி.சி. வேண்டும் என்கிறது. டிரைவர் தவறினாலும் வண்டியைத் தானே நிறுத்தும் அமைப்பு அது. 42 மைல் சின்னப் பாதைக்கு அதைப் போட்டு, பராமரித்து, வண்டியில் கருவி வைத்து ஓட்டுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. தப்பிக்க ஒரு வாசல் இருக்கிறது. பாதை பெரிய கம்பெனிக்குச் சொந்தமில்லாமல், வருஷச் சரக்கு 15 மில்லியன் டன்னுக்குக் கீழே இருந்தால், மத்திய ரயில்வே நிர்வாகமான எஃப்.ஆர்.ஏ.விடம் விலக்கு கேட்கலாம். சிக்னல் இல்லாத பாதை என்றால் நாளைக்கு 4 பாசஞ்சர் வண்டி வரை. சிக்னல் உள்ள பாதை என்றால் 12 வரை. போகும் வண்டி, வரும் வண்டி இரண்டும் தனித்தனியாகத்தான் எண்ணப்படும். ஆக 4 என்றால் இரண்டு ஜோடி, 12 என்றால் ஆறு ஜோடி. விலக்கு தானாக வராது. ஆபத்தை எப்படிக் குறைக்கிறீர்கள் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

உங்கள் திட்டத்தின் உருவத்தை முடிவு செய்வது இந்த எண்கள்தான், ஊரின் தேவை இல்லை. நான்காவது வண்டி வரை சிக்னல் செலவு பூஜ்யம். ஐந்தாவது வண்டிக்கு 42 மைலுக்கும் பிளாக் சிக்னல். பதின்மூன்றாவது வண்டிக்கு பி.டி.சி. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு வண்டி கூடுவதற்கு மலை மாதிரி செலவு. இன்னொரு வழி நேரத்தைப் பிரிப்பது: பகலில் பாசஞ்சர், ராத்திரியில் கூட்ஸ், இரண்டும் ஒரே நேரத்தில் பாதையில் இருக்காது. நியூ ஜெர்சியில் கேம்டன்–டிரென்டன் ரிவர் லைன் 2004ல் இப்படித்தான் தொடங்கியது. சான் டியாகோ பக்கம் ஸ்பிரின்டரும் இதே வழி. ஆனால் தினமும் காலையில் மர ஆலைக்கு வேகன் தள்ள வேண்டிய ஷார்ட் லைனிடம் "ராத்திரி பத்துக்கு மேல் வா" என்றால் அதன் வாடிக்கையாளர் லாரிக்குப் போய்விடுவார். பாதையைக் காப்பாற்றி வைத்திருக்கும் சரக்கையே விரட்டினதாக ஆகும்.

சிக்னல் இல்லாத பாதையில் எனக்குப் பெரிய பயம் கையால் திருப்பும் பாயின்ட், அதாவது வண்டி பாதை மாறும் இடம். 2005 ஜனவரியில் சவுத் கரோலினாவின் கிரானிட்வில்லில், சிக்னல் இல்லாத பாதையில் ஆலைப் பக்கம் திரும்பியபடியே விடப்பட்ட ஒரு பாயின்ட் வழியாகக் கூட்ஸ் உள்ளே நுழைந்து, நின்றிருந்த வண்டியில் மோதியது. குளோரின் டேங்கர் உடைந்து ஒன்பது பேர் செத்தார்கள். பயணிகள் வண்டி ஓடும் பாதையில் வண்டியை எதிர்கொள்ளும் ஒவ்வொரு கைப் பாயின்ட்டுக்கும் நிலை காட்டும் கருவி வைத்து, கன்ட்ரோலருக்கும் டிரைவருக்கும் தகவல் போகும்படி செய்யுங்கள். விலக்கு மனுவிலும் இது எடைபோடும்.

இனி 58 கிராசிங். எச்சரிக்கை குறைந்தது 20 வினாடி முன்னால் தொடங்க வேண்டும். 25 மைல் வண்டிக்கு அது 733 அடி. 59 மைலுக்கு 1,731 அடி. ஆக இருக்கிற கேட்கள் எல்லாவற்றுக்கும், வண்டி வருவதைத் தண்டவாளம் வழியாக அறியும் மின் சர்க்யூட்டை நீட்ட வேண்டும். வெறுமனே நீட்டிவிட்டால் 10 மைலில் வரும் கூட்ஸுக்குக் கேட் இரண்டு நிமிஷம் மூடியே கிடக்கும், கார்க்காரன் வளைத்துக்கொண்டு நுழைவான். வண்டியின் வேகத்தை அளந்து நேரத்தைக் கணிக்கும் பிரிடிக்டர் கருவிதான் வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம்: தினம் ஒரு வண்டி ஓடும் தண்டவாளத்தில் துரு படிந்திருக்கும். தனி இன்ஜின் இல்லாமல் தானே ஓடும் இலேசான இரண்டு பெட்டி ரயில் கார் அந்தத் துருவைக் கடித்துச் சர்க்யூட்டைச் சேர்க்காமல் போகலாம். வண்டி வரும், கேட் இறங்காது. இலினாய்ஸில் ஒரு பெரிய கம்பெனியின் பாதையில் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் வண்டிக்குக் குறைந்தது 32 அச்சு இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது இதே காரணத்தால்தான். ஆளில்லாத ஓரிரு பெட்டி சும்மா இழுபட்டது.

---

கணக்கப்பிள்ளை பதில்:

இரண்டு பேரும் இஞ்சினியர்கள், அதனால் இரும்பைப் பார்க்கிறார்கள். இந்தத் திட்டங்கள் சாகும் இடம் வக்கீல் மேஜை.

பயணிகள் விபத்தில் ஒரே சம்பவத்துக்கு எல்லாப் பயணிகளுக்கும் சேர்த்து மொத்த இழப்பீட்டுக்கு மத்தியச் சட்டத்தில் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. 1997ல் 200 மில்லியன் டாலர். 2021 திருத்தத்தில் சுமார் 323 மில்லியன். ஷார்ட் லைன் முதலாளி கேட்கப்போவது ஒன்றுதான்: அந்த வரம்பு வரை பாலிசியை நீங்கள் எடுங்கள், எந்த விபத்தானாலும் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்காதீர்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தினம் இருபது வேகன் தள்ளிப் பிழைக்கிற கம்பெனி அது. அந்தப் பிரீமியம், வண்டி இரண்டு ஓடினாலும் இருபது ஓடினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு ஜோடி வண்டித் திட்டத்தில் ஒரு டிக்கெட்டின் மேல் அது எவ்வளவு விழும் என்று போட்டுப் பாருங்கள். இந்த வரம்பு பயணிகளுக்குத்தான் என்பதையும் மறக்க வேண்டாம், கிராசிங்கில் அடிபட்ட காருக்கு அது பொருந்தாது.

நுழையும் உரிமை விஷயம். ஆம்ட்ராக்குக்கு மட்டும் 1970 சட்டப்படி எந்த ரயில் கம்பெனியின் பாதையிலும் கூடுதல் செலவை மட்டும் கொடுத்து நுழையும் உரிமை இருக்கிறது. உங்கள் கவுன்ட்டி போக்குவரத்து அமைப்புக்குக் கிடையாது. ஷார்ட் லைன் மறுத்தால் அதிகபட்சம் ரயில் வழக்குகளைப் பார்க்கும் மத்திய வாரியத்தின் (எஸ்.டி.பி.) முன் சமரசப் பேச்சு, அதுவும் கட்டுப்படுத்தாது. அப்படியானால் ஆம்ட்ராக்கைக் கூப்பிடலாமே? 750 மைலுக்குக் குறைந்த பாதை என்றால் மாநிலம்தான் காசு கட்ட வேண்டும். வெர்மான்ட் அதைத்தான் செய்தது. ரட்லண்ட் ரயில்வே 1960களில் மூடியபோது பாதையை மாநிலம் வாங்கி, வெர்மான்ட் ரயில்வே என்ற ஷார்ட் லைனுக்குக் குத்தகைக்கு விட்டது. அறுபது வருஷம் கழித்து, 2022 ஜூலை 29ல், ஈதன் ஆலன் எக்ஸ்பிரஸ் அதே பாதையில் பர்லிங்டன் வரை நீண்டது. நாளைக்கு ஒரே ஜோடி. மிடில்பரியில் ஊருக்கு நடுவே பழைய பாலங்களை எடுத்துவிட்டுச் சுரங்கம் கட்டியதுவரை மாநிலச் செலவிலும் மத்திய நிதியிலும் நடந்தது. ஷார்ட் லைன் தன் காசில் அதில் பத்தில் ஒன்றுகூடச் செய்திருக்க முடியாது.

ஷார்ட் லைன்களுக்கு 45ஜி என்று ஒரு வரிச்சலுகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2020 கடைசியில் நிரந்தரமாகவும் ஆக்கினார்கள். உச்சவரம்பு மைலுக்கு 3,500 டாலர். உங்கள் 42 மைலுக்கு வருஷம் 1,47,000 டாலர். கூட்ஸ் பாதையை உயிரோடு வைக்க அது உதவும், கிளாஸ் 3க்கு ஏற்ற அல்ல.

நிதி கேட்பதிலும் ஒரு பெயர்ச் சிக்கல். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் வண்டி என்று எழுதினால் அது புறநகர்ச் சேவை, நகரப் போக்குவரத்தைப் பார்க்கும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ. ஜன்னல். அங்கே ஸ்மால் ஸ்டார்ட்ஸ் என்ற சிறு திட்ட நிதியில் திட்டச் செலவு 400 மில்லியனுக்குக் கீழே இருந்தால் 150 மில்லியன் வரை கேட்கலாம். நகரங்களுக்கு இடையிலான வண்டி என்றால் எஃப்.ஆர்.ஏ. ஜன்னல். 2023 டிசம்பரில் 69 வழித்தடங்களைத் தேர்ந்தெடுத்த காரிடார் ஐ.டி. திட்டம் அங்கேதான், முதல் படிக்கு 5 லட்சம் டாலர் வரை. தப்பான ஜன்னலில் நின்றால் இரண்டு வருஷம் போகும்.

---

ஒத்தையடித்தடம்:

நன்றி. அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும் ஷார்ட் லைன் சேவைகள் எப்படித் தப்பித்தன? வண்டிக்கு என்ன செய்தார்கள்?

---

பழையபெட்டி பதில்:

இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாஷ்வில்–லெபனான், 32 மைல், 2006 செப்டம்பர். நாஷ்வில் அண்டு ஈஸ்டர்ன் என்ற ஷார்ட் லைன் ஓட்டிய பாதை. ஆம்ட்ராக் கழித்த எஃப்40 இன்ஜின், சிகாகோவின் புறநகர் ரயிலான மெட்ரா கழித்த இரண்டடுக்குப் பெட்டி. தொடக்கச் செலவு சுமார் 41 மில்லியன் டாலர், நாட்டிலேயே மலிவான புறநகர் ரயில் என்று பேர். அதற்கு இருந்த பெரிய அதிர்ஷ்டம் வண்டியில் இல்லை, நிலத்தில். பழைய டென்னசி சென்ட்ரல் பாதை நேரே நகர மையத்தில் ஆற்றங்கரைக்குப் போகிறது. பெரிய கம்பெனியின் யார்டுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை.

ஓரிகனில் பீவர்ட்டன்–வில்சன்வில் வெஸ், 14.7 மைல், 2009 பிப்ரவரி. போர்ட்லண்ட் அண்டு வெஸ்டர்ன் ஷார்ட் லைன் பாதை, ஓட்டுவதும் அவர்கள் ஆட்கள். செலவு 160 மில்லியனைத் தாண்டியது. புது ரயில் கார் கேட்டு கொலராடோ ரயில்கார் கம்பெனியில் ஆர்டர் கொடுத்தார்கள். சேவை தொடங்கும் முன்பே கம்பெனி மூடிவிட்டது. உதிரி வண்டிக்காக அதே வருஷம் அலாஸ்காவிலிருந்து இரண்டு பட் ஆர்.டி.சி. ரயில் கார் வாங்கினார்கள், 1950கள் காலத்துச் சரக்கு. நான்கைந்து வண்டி வாங்குகிறவனுக்குச் சந்தையில் மரியாதை இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். போதாததற்கு அந்தப் பாதை போர்ட்லண்ட் மையத்துக்குப் போவதில்லை, பீவர்ட்டனில் இறங்கி லைட் ரயில் மாற வேண்டும்.

இன்று புதிதாக வாங்கினால் ஸ்டாட்லர் மாதிரி ஐரோப்பிய வகைதான் யதார்த்தம். அமெரிக்கப் பழைய விதி பெட்டியின் முனை 8,00,000 பவுண்டு அழுத்தம் தாங்க வேண்டும் என்றது. ஐரோப்பிய வண்டி அதில் பாதிகூட இல்லை, மோதலில் மடங்கிச் சக்தியை உறிஞ்சும் முன்பகுதியை நம்புகிறது. டெக்சஸின் டென்ட்டன் ஏ-டிரெயினுக்கு 2012ல் விலக்கு கிடைத்து, 2018 விதியில் இந்த மாற்று வழி பொதுவாகவே ஏற்கப்பட்டது. அதனால் கூட்ஸோடு ஒரே நேரத்தில் ஓட முன்பு மாதிரி கதவு சாத்திக் கிடக்கவில்லை.

உங்கள் 4 வண்டித் திட்டத்துக்கு என் கணக்கு: இரண்டு செட், மூன்று இன்ஜின், ஐந்து பழைய பெட்டி, அதில் இரண்டு டிரைவர் கேபின் உள்ளவை. செட்டுக்கு இரண்டு பெட்டி ஓடும், மூன்றாவது இன்ஜினும் ஐந்தாவது பெட்டியும் ஷெட்டில் நிற்கும். கேபின் பெட்டி இல்லாவிட்டால் கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைச் சுற்றிக் கொண்டுவர லூப்பும் பதினைந்து நிமிஷமும் வேண்டும். இரண்டு செட்டும் ராத்திரி கிராமத்து முனையில் நிற்கட்டும். காலையில் இரண்டும் நகரம் நோக்கி, மாலையில் இரண்டும் திரும்ப. எதிரெதிரே சந்திக்கும் வேலையே இல்லை, லூப் லைன் செலவும் மிச்சம். கனமான இன்ஜின் என்பதால் டோக்கன்பை சொன்ன துருப் பிரச்சினையும் பாதி அடங்கும்.

---

டோக்கன்பை:

பழையபெட்டி சொன்னதில் ஒரு இடறல். கேள்வியில் கடைசி 2 மைல் பெரிய கம்பெனியின் பாதை. அங்கே பி.டி.சி. இருந்தால் அந்த 2 மைலுக்காக மூன்று இன்ஜின், இரண்டு கேபின் பெட்டி, ஐந்திலும் கருவி மாட்ட வேண்டும். எல்லைக்கு முன்னாலேயே ஒரு ஸ்டேஷன் கட்டி பஸ் இணைப்புக் கொடுப்பது பல இடத்தில் மலிவு. பயணிகளுக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

பிளாட்பாரம்: கூட்ஸ் ஓடும் பாதையை ஒட்டி உயரப் பிளாட்பாரம் கட்டினால் அகலச் சரக்கு உரசும். 8 அங்குலத் தாழ்வான பிளாட்பாரம், சக்கர நாற்காலிக்கு ஒரு முனையில் சிறு மேடை அல்லது பெட்டியிலேயே லிஃப்ட் என்று வைத்தால் செலவு அடங்கும். கலிபோர்னியாவின் ஸ்மார்ட் ரயில் உயரப் பிளாட்பாரம் வேண்டும் என்று சில ஸ்டேஷனில் கூட்ஸைச் சற்றுத் தள்ளிப் போகவைக்க நான்கு தண்டவாளம் பின்னிப் போட்டிருக்கிறது. பாயின்ட்டும் பராமரிப்பும் சேர்ந்து வரும்.

---

ஜல்லிமேடு:

ஒத்தையடித்தடம், ஆலோசகரைப் பிடிக்கும் முன் ஷார்ட் லைனிடம் இரண்டு காகிதம் கேளுங்கள்: பாலங்களின் தாங்குதிறன் பட்டியல், தற்போது அமலில் இருக்கும் ஸ்லோ ஆர்டர் (வேகத்தைக் குறைக்கச் சொல்லும் உத்தரவு) பட்டியல். மரத்தூண் பாலம் ஒன்றில் அரை மைலுக்கு 10 மைல் வேகம் என்று ஒரு ஆர்டர் இருந்தால், 59ல் அரை நிமிஷத்தில் கடக்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிமிஷம் ஆகும். வேகம் குறைப்பதும் கூட்டுவதும், வண்டியின் வால் தாண்டும்வரை காத்திருப்பதும் அதற்கு மேலே. அப்படி நான்கு பாலம் இருந்தால் உங்கள் 62 நிமிஷம் 75 ஆகிவிடும். பாலத்தைச் சரிசெய்யும் செலவு தெரியாமல் வண்டி விலை விசாரிக்க வேண்டாம்.